சட்டையைப் பார்த்து இறங்கின பால்

அட, சொன்னா நம்ப மாட்டே சரோஜா! நம்ம பேரன், அதான் மாதாப்பூர் கம்பெனியில இருந்து ஸ்பெயினுக்கு அனுப்பினாங்களே, நேத்து கம்ப்யூட்டர்ல மூஞ்சியக் காட்டி ஒரு மணி நேரம் பேசினான்! லீவுக்கு பாஸ்க்னு ஒரு சீமையில மலை ஊருக்குப் போயிருக்கானாம். மொத்தமே பதினோரு வீடு. பேரு வீட்டுக்குத்தானாம், மனுஷங்களை வீட்டுப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்களாம். இங்க நம்பர் போட்டும் தபால்காரன் தெருத்தெருவா அலையறான்!

அதில்லடி விஷயம். அந்தக் காலத்துல அங்க வீட்டுப் பெரியவர் செத்தா, பக்கத்து வீட்டுக்காரங்க தொழுவத்துக்குப் போய், படுத்திருக்கற மாட்டையெல்லாம் எழுப்பி நிக்க வச்சு, 'உங்க எஜமான் போயிட்டார்'னு சொல்லணுமாம். தேனீக்குக்கூடச் சொல்லுவாங்களாம். எனக்குச் சிரிப்பு தாங்கல. சிரிச்சுட்டே இருந்தேனா, எங்க எருமை ஞாபகம் வந்துடுச்சு.

எனக்கு அப்ப ஆறு வயசு. இதே மாரெட்பள்ளிதான், பாதி வெறுங்காடு. அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்ஷாப். எருமை ஒண்ணு வச்சிருந்தோம், அவர் கை பட்டாத்தான் பால் விடும். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்னிக்குக் காலையில நான் அவர் பீடிக்கட்டைத் தூக்கித் தண்ணித்தொட்டியில போட்டுட்டேன். "வந்து வச்சுக்கறேன் உன்னை"ன்னார். வரல. அங்கயே போய்ச் சேர்ந்துட்டார். என்னை அத்தை வீட்டுல விட்டு எல்லாத்தையும் முடிச்சுட்டு, 'அப்பா ஊருக்குப் போயிருக்கார்'னாங்க. நம்பினேன்.

எருமை மூணு நாளா சொட்டுப் பால் விடல. அழுது அழுது அம்மாவுக்கும் பால் வத்திப்போச்சு. கைக்குழந்தை தம்பி, கத்திக் கத்திக் குரலே போச்சு அவனுக்கு. பக்கத்து வீட்டு யாதம்மா, அம்மாவை அண்ணி முறையில 'வதினா'ன்னுதான் கூப்பிடுவா, அவதான் சொன்னாளாம்: "அழுதது போதும் வதினா. அவர் சட்டையப் போட்டுக்கிட்டு உக்காரு. அது வாசனைக்கு விடும்."

விடியக்காலையில கண்ணத் தேய்ச்சுக்கிட்டு தொழுவத்துக்குப் போறேன். அப்பாவோட காக்கிச் சட்டை, தலையில அவர் துண்டு, குந்தி உக்காந்து சர்சர்னு பால் கறக்கற சத்தம். "அப்பா!"ன்னு ஓடிப்போய் முதுகைக் கட்டிக்கிட்டேன். அதே பீடி வாசனை. ஆனா திரும்பல. முதுகு மட்டும் குலுங்குது. கை நிக்கல. நிறுத்தினா எருமை பாலை இழுத்துக்கும்ல?

பீடிக்காக இன்னும் கோபம் போலன்னு நினைச்சேன். "இனிமே தொட மாட்டேம்பா"ன்னு அந்த முதுகுகிட்டயே சொல்லிட்டு, சத்தம் போடாம போய்ப் படுத்துக்கிட்டேன்.

அய்யோ, குழாய்ல தண்ணி வந்துடுச்சுடி! இன்னிக்கு விட்டா நாளன்னிக்குத்தான். அந்தக் குடத்தை எடு, எடு.