சாடியா மேட்ரனின் பின் டயர்கள்

2019 ஜனவரி 12, சனிக்கிழமை. காலை ஒன்பது இருபதுக்குச் சாடியா பிந்தி ஜாபார் தன் வெள்ளை சிவிக் டைப் ஆர் காரை ஈப்போ, லஹாட் சாலையிலுள்ள ஃபூ யோக் லியோங்கின் டயர் கடைக்குள் ஓட்டிவந்து நிறுத்தினார். இறங்கியதும், இருப்பதிலேயே விலை குறைந்த டயர் நான்கு போடச் சொன்னார்.

ஃபூ அப்போது என் காரின் இடது பின்சக்கரத்திலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“யார் காருக்கு?”

“கண்ணு தெரியலையா தவுக்கே? இதுக்குத்தான்.” கடை முதலாளியை இங்கே தவுக்கே என்போம்.

“இதுக்கு அந்த டயர் போடுறதும், கல்யாணப் பொண்ணுக்கு ரப்பர் ஜப்பான் சிலிப்பர் மாட்டி விடுறதும் ஒண்ணுதான். வேற கடை பாருங்க மேட்ரன்.”

“விக்கப் போற காருக்கு எதைப் போட்டா என்னலா?”

ஃபூ ஆணியைத் தகர டப்பாவில் போட்டார். அதன் பிறகுதான் எழுந்து அவர் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஜொகூரில் ஒரு பல் மருத்துவர் காரைக் கேட்டிருக்கிறார் என்றும், மாத முடிவில் பார்க்க வருகிறார் என்றும் சாடியா சொன்னார். மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல் சொன்னார்.

சாடியா 1962இல் கிரிக்கில் பிறந்தவர். அவருடைய தந்தை காட்டிலிருந்து மரக்கட்டை ஏற்றிவரும் லாரி ஓட்டினார். சாடியா பதினேழு வயதில் தாதிப் பயிற்சிக்கு ஈப்போ வந்து, முப்பத்தொன்பது ஆண்டுகளாக அதே ஊரில் இருந்தார். அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் பதினாறு ஆண்டுகள். பிறகு எலும்பு முறிவுப் பிரிவில் மேட்ரன். மோட்டார் சைக்கிளில் போய் விழுந்தவர்களைத் தினமும் பார்த்தவர். அதனாலேயே சாலையில் வேகம் போகமாட்டார். நெடுஞ்சாலையில் நூற்றுப் பத்துக்கு மேல் அவர் போய் நான் கண்டதில்லை. வேகம் வேண்டும் என்றால் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போவார். எங்கள் கார் மன்றம் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை தடத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கும். அங்கே சுற்று நேரம் குறிப்பது என் வேலை. 2009 மே மாதத்திலிருந்து 2018 அக்டோபர்வரை சாடியா முப்பத்தொரு நாட்கள் வந்திருக்கிறார். அவருடைய மிகச் சிறந்த சுற்று 2016 ஆகஸ்டில்: இரண்டு நிமிடம் 46.9 வினாடி. அன்று அவரைவிட மெதுவாகச் சுற்றிய ஆண்கள் பதினான்கு பேர். அவர்களில் ஒருவர் அடுத்த முறை வரவேயில்லை.

முப்பத்தொன்றாம் நாள்தான் கெட்டது. 2018 அக்டோபர் 13. பிற்பகல் மூன்று நாற்பதுக்குத் தூறல் விழுந்தது. பன்னிரண்டாம் வளைவு இடப்பக்கம் வேகமாகத் திரும்புவது. சாடியா அங்கே வேக மிதியிலிருந்து காலைச் சற்று எடுத்தார். காரின் பின்பகுதி முன்பகுதியை முந்தப் பார்த்தது. இரண்டரை முறை சுழன்று சரளைக்கல்லில் போய் நின்றது. அவருக்கும் காருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திரும்பி ஈப்போ வரும்போது அவருடைய கணவர் பஹாரி ஓட்டினார். ஒன்பது ஆண்டுகளில் அந்தக் காரின் இடப்பக்க இருக்கையில் சாடியா உட்கார்ந்தது அன்றுதான்.

அதற்கு ஒரு வாரம் முன்பு, வார்டில் கட்டுப் பிரிக்கும்போது அவர் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி விழுந்திருக்கிறது. இதை அவர் டயர் கடைக்கு வந்த அன்றுதான் எங்களிடம் சொன்னார்.

“முப்பத்தொன்பது வருஷத்துல என் கையிலேர்ந்து ஒண்ணும் விழுந்தது கிடையாது தவுக்கே. ஒரு வாரம் கழிச்சுக் கார் கைமீறிப் போச்சு. கை ஓஞ்சு போச்சுன்னா ஒத்துக்கணும். நோயாளிக்கு நான் அதைத்தான் சொல்றேன்.”

“கத்தரிக்கோல் எனக்கு வாரத்துக்கு மூணு தடவ விழுது” என்றார் ஃபூ.

“நீங்க எப்பவுமே அப்படித்தான். உங்களை யாரு ஆபரேஷன் கூடத்துல விட்டா?”

ஃபூ சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய கருவியை எடுத்துவந்தார். கைக்கடிகார அளவுக்கு ஒரு வட்ட முகம். அடியில் மொட்டை ஊசி. ரப்பரில் அழுத்தினால் அது எவ்வளவு இறுகியிருக்கிறது என்று எண் காட்டும். எண் ஏற ஏற ரப்பர் கல்லாகிறது என்று பொருள். அவர் அதைச் சாடியாவிடம் நீட்டினார்.

“நான் அளந்தா தவுக்கே வியாபாரத்துக்குச் சொல்றான்னுவீங்க. நீங்களே அளங்க. நோயாளிக்குக் காய்ச்சல் பாக்கறாப்பல.”

சாடியா கைப்பையைப் பெஞ்சில் வைத்தார். முன்பக்க வலது டயரில் மூன்று இடத்தில் அளந்தார்: 63, 64, 63. இடதிலும் கிட்டத்தட்ட அதேதான். பின்பக்கம் போய் மண்டியிட்டார். 80. இடம் மாற்றி அளந்தார். 82. கருவியை உதறிவிட்டு மறுபடி வைத்தார். 81.

“கெட்டுப்போன கருவியா இருக்கும்.”

“முன்னாடி மட்டும் நல்லா வேல செஞ்சு பின்னாடி போனா கெட்டுப்போகுமா?”

இங்கே டயரில் வெட்டியிருக்கும் வரிகளைப் பூ என்பார்கள். பின் டயர்களில் பூ ஐந்தரை மில்லிமீட்டர் ஆழம் இருந்தது. பார்க்கப் புதிது போலவே இருக்கும். சாடியா டயரின் பக்கவாட்டில் விளக்கை அடித்துத் தேதி எண்ணைப் படித்தார். 1412. அதாவது 2012ஆம் ஆண்டின் பதினான்காம் வாரத்தில் செய்தது. முன் டயர்கள் 2018இல் செய்தவை.

முன்சக்கரம் இழுக்கும் கார் வைத்திருப்பவர்கள் எங்கள் மன்றத்தில் அத்தனை பேரும் செய்யும் காரியம் இது. தடத்தில் முன் டயர் பல மடங்கு வேகமாகத் தேயும். தேய்ந்ததும் இரண்டு மட்டும் வாங்கி முன்னால் போடுவார்கள். பின்னால் இருப்பது தேயவே தேயாது. பூ இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். முன் டயர்தான் டயர், பின் டயர் சும்மா கூட வருகிறது என்று மதியச் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொள்வார்கள். சாடியா 2012இல் நான்கும் வாங்கினார். அதன் பின் மூன்று முறை முன்பக்கம் மட்டும் மாற்றினார். ஆறரை ஆண்டு வெயிலிலும் தடத்தின் சூட்டிலும் பின்பக்கம் வெந்துகொண்டே இருந்தது. முன்பக்கம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டது; பின்பக்கம் விட்டுவிட்டது.

சாடியா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

“போன ஆகஸ்ட்ல ரெண்டு போதும்னு யார் சொன்னது?”

“நீங்கதான். நான் நாலும் மாத்துங்கன்னேன். பின்னாடி பூ இருக்கு, கண்ணாடி போட்டுப் பாருன்னு என்னையே திட்டினீங்க. அண்ணே சாட்சி.”

நான் சாட்சியில்லை, அன்று நான் கடையில் இல்லை. அதைச் சொன்னேன். ஃபூ என்னை முறைத்தார்.

“அப்ப தப்பு என்னோடதுதான்” என்றார் சாடியா.

“ஆமா, உங்களோடதுதான். ஆனா கையோட தப்பு இல்ல. கஞ்சத்தனத்தோட தப்பு.”

சாடியா பெஞ்சில் உட்கார்ந்தார். ஃபூவின் மனைவி பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்திருந்த கோப்பியை உறிஞ்சினார். வலது கையை விரித்துப் பார்த்தார், மூடினார். எதிரே சீனப் பாவ் ரொட்டி விற்பவர் ஆவிப்பெட்டியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“விலை குறைஞ்சது வேண்டாம். வேற என்ன இருக்குன்னு காட்டுங்க.”

ஃபூ ஏணியில் ஏறி இரண்டு வகை டயரில் ஒவ்வொன்று இறக்கினார். இரண்டும் ஒரே அளவு: 225க்கு 40, பதினெட்டு அங்குலம். முதலாவதில் பூ மிகக் குறைவு. விரல் வைத்தால் ஒட்டியது. காய்ந்த தரையில் அதைப்போல் பிடிப்பது கிடையாது. தண்ணீர் தேங்கினால் வெளியேற வழியும் கிடையாது. இரண்டாவதில் சுற்றிலும் நான்கு அகன்ற வாய்க்கால்கள். மழைக்கு ஏற்றது, வேகம் சற்றுக் குறைவு. சாடியா இதுவரை ஓட்டியதெல்லாம் முதல் வகை.

“எதுன்னு நீங்களே சொல்லுங்க தவுக்கே.”

“போன தடவ சொன்னேன். கேட்டீங்களா? இப்ப வாயைத் திறக்கமாட்டேன்.”

சாடியா என் பக்கம் திரும்பினார். “அங்கிள், இந்த வாய்க்கால் டயர் போட்டா எவ்வளவு நேரம் போகும்?”

“காஞ்ச தரையில சுத்துக்கு ரெண்டரையிலேர்ந்து மூணு வினாடி.”

“அப்ப 46.9 அவ்வளவுதான். மறுபடி வராது.”

“வராதும்மா.”

“முப்பத்தொரு நாள்ல எத்தனை நாள் மழை பெஞ்சிருக்கு?”

மற்றவர்கள் யோசித்துச் சொல்லவேண்டியிருக்கும். எனக்குத் தெரியும். “பத்தொம்பது நாள்.”

அவர் இரண்டு டயர்களையும் மாறி மாறிப் பார்த்தார். எண் என்பது அவருக்குச் சின்ன விஷயமில்லை. 46.9 என்று எழுதிய என் சீட்டை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தார். அவருடைய நாற்பதாம் ஆண்டுப் பணிச் சான்றிதழுக்கு விட்டுவைத்திருந்த இடம் அது என்று பஹாரி ஒருமுறை சொன்னார்.

“பத்தொம்பது நாள் நான் அதிர்ஷ்டத்துல ஓட்டியிருக்கேன்” என்றார். “வாய்க்கால் டயரே போடுங்க. நாலும். நாலும் ஒரே வாரத்துல செஞ்சதா இருக்கணும்.”

ஃபூ இறக்கிய நான்கில் ஒன்று ஐந்து வாரம் முந்தையது. சாடியா ஒவ்வொன்றாகக் குனிந்து படித்து அதைத் திருப்பிக் கொடுத்தார். ஃபூ ஏதோ கந்தோனியச் சீனத்தில் முனகிக்கொண்டு மறுபடி ஏணி ஏறினார். கடைசியில் நான்கும் 4118. காற்று எவ்வளவு வைக்கவேண்டும் என்பதில் இருவரும் கால்மணி நேரம் வாதாடினார்கள். மதியம் பன்னிரண்டு ஐந்துக்குக் கார் ஜாக்கியிலிருந்து கீழே இறங்கியது.

“முதல் இருநூறு கிலோமீட்டர் மெதுவாப் போங்க மேட்ரன். புது ரப்பர் மேல வழுவழுப்பு இருக்கும். அது தேஞ்சு போகணும்.”

“எனக்குத் தெரியாதா?”

“உங்களுக்கு எல்லாம் தெரியும். அதுதான் பயம்.”

விற்பதை அவர் அன்று கைவிடவில்லை. கடை வாசலிலிருந்தே பல் மருத்துவரை அலைபேசியில் கூப்பிட்டு, மன்றத்தின் அடுத்த செப்பாங் நாள் வரும் மார்ச் இரண்டாம் வாரம்வரை பொறுக்க முடியுமா என்று கேட்டார். டயரின் தப்பா கையின் தப்பா என்று தெரியாமல் விற்றால், விற்ற பிறகும் தூக்கம் வராது என்று என்னிடம் சொன்னார்.

மார்ச் 9, சனிக்கிழமை, செப்பாங். பஹாரி வழக்கம்போல் பின்பக்கக் கொட்டகையில் முதுகைத் தடத்துக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஓட்டுவதை அவர் பார்ப்பதில்லை. சத்தத்தை மட்டும் கேட்பார். பிற்பகல் இரண்டேகாலுக்கு மழை கொட்டியது. பாதிப் பேர் காரை ஓரங்கட்டினார்கள். சாடியா தலைக்கவசத்தை மாட்டினார்.

“காத்திருக்கலாமேடி” என்றார் பஹாரி.

“மழைக்காகத்தான் அபாங் வந்தேன்.” கணவரை அவர் அபாங் என்றே கூப்பிடுவார்.

ஆறு சுற்று போனார். முதல் சுற்றில் பன்னிரண்டாம் வளைவுக்கு மிக முன்பே மெதுவாக்கிவிட்டார்; நேரம் 3:09. இரண்டாவது 3:05. மூன்றாவதில் அவர் அந்த வளைவின் நடுவே வேண்டுமென்றே மிதியிலிருந்து காலை எடுத்ததை நான் நேர மேசையின் திரையில் பார்த்தேன். அக்டோபரில் செய்த அதே காரியம். பின்பகுதி லேசாக அசைந்தது. அவர் ஸ்டீயரிங்கை ஒரு விரல் அளவு திருப்பினார், கார் நேரானது. அடுத்த சுற்றிலும் அதையே செய்தார். கடைசி நான்கு சுற்றுகளுக்கும் இடையே வித்தியாசம் அரை வினாடிதான். என் நேர ஏட்டில் அவருடைய பக்கத்தில் இவ்வளவு நெருக்கமான நான்கு எண்கள் அதற்கு முன் இல்லை.

உள்ளே வந்து நிறுத்தியதும் என்னிடம் நேரம் கேட்கவில்லை. பஹாரியின் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“கை நல்லாத்தான் இருக்கு அபாங்.”

“எனக்குத் தெரியும். சத்தம் எங்கயும் உடையல” என்றார் பஹாரி. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் தள்ளினார். “ஆறிப்போச்சு. சாப்பிடு.”

பல் மருத்துவர் நான்கு மணிக்கு அவராகவே கூப்பிட்டார். இரண்டாம் வாரம் வந்துவிட்டதே என்றார். சாடியா கையைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

“மன்னிச்சுக்குங்க டாக்டர். டயர் இப்பத்தான் போட்டிருக்கு. அது தேயட்டும், பேசலாம்.”

எவ்வளவு நாள் ஆகும் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். சாடியா அலைபேசியைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். மழையிலும் வெயிலிலுமாக ஆண்டுக்கு நான்கு நாள், மற்ற நாட்களில் ஈப்போவுக்குள் என்று கணக்குப் போட்டேன்.

“ரெண்டு வருஷம். பின்பக்கத்தையும் முன்னாடி மாத்தி மாத்திப் போட்டா ரெண்டரை.”

“ரெண்டரை வருஷம் டாக்டர்” என்றார் சாடியா.