வில்லியனூர் குளத்தங்கரையில் செசில் கண்ட காட்சி

பாகூரிலிருந்து வில்லியனூர் ஏறத்தாழ பத்து மைல். 1958, பாஸ்கா என்கிற ஈஸ்டருக்குப் பிந்தைய திருவிழாக் காலம். பிரான்ஸ் தேசத்து லூர்தில் மாதா காட்சி கொடுத்து நூறு வருஷம் ஆகியிருந்தது. மூன்று ரூபாய்க்கு மாட்டுவண்டி பேசி, காலை ஆறு மணிக்கு நானும் மனைவி மதலேனும் மகள் செசிலும் கிளம்பினோம். செசிலுக்கு ஏழு வயது. போன கோடையில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போய்விட்டன. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். என் நம்பிக்கை அன்றே செத்தது. மதலேனுக்குச் சாகவில்லை; அதனால்தான் இந்தப் பயணம்.

ஏரிக்கரை தாண்டியதும் வண்டிக்காரர் கோவிந்தன் கேட்டார்: "கொயந்தைக்கு இன்னா வாத்தியாரே?"

சொன்னேன்.

"எங்க மாரியாத்தா எடுத்துக்கினத ஒங்க மாதாவாவது குடுக்கட்டும்" என்றார்.

வழிநெடுக மதலேன் மகளுக்கு லூர்துக் கதை சொன்னாள். சுள்ளி பொறுக்கப் போன ஏழைப் பெண். பாறைக் குகையில் அவளுக்கு மாதா தெரிந்தாள்: வெள்ளை உடுப்பு, நீலக் கச்சை, பாதத்தில் மஞ்சள் ரோஜா. "கூட இருந்த யாருக்கும் தெரியல. அந்தப் பொண்ணு ஒருத்திக்குத்தான் தெரிஞ்சுது. ஏழைங்க மேல மாதாவுக்கு அம்மாம் ஆசை." சொல்லும்போதெல்லாம் அழுதாள். வழியில் பழைய சுங்கச்சாவடி ஒன்று ஆளில்லாமல் கிடந்தது. பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், எங்கள் வீட்டு அழுகைதான் போகவில்லை.

பத்து மணிக்கு வில்லியனூர். எள் போட்டால் எள் விழாத கூட்டம். லூர்திலிருந்து வந்த தண்ணீரைச் சாமியார் மாதா குளத்தில் ஊற்றினார். அது விழுந்த இடத்து நீர்தான் வேண்டுமென்று கூட்டம் பாய்ந்தது. மதலேனும் இடித்துப் புகுந்து ஒரு சொம்பு மொண்டு வந்து மகளின் கண்களைக் கழுவினாள்.

"தெரியுதாடி?"

"இல்லம்மா."

மறுபடி கழுவினாள். குரல் உடைந்துவிட்டது. "இப்போ? தெரியுதாடி கண்ணு?"

செசில் அம்மாவின் ஈரக் கன்னத்தைத் தடவினாள். பிறகு கையை நீட்டினாள். "தெரியுதும்மா. மாதா நிக்கிறாங்க. வெள்ளை உடுப்பு, நீலக் கச்சை. காலுல மஞ்சள் ரோசா."

மதலேன் போட்ட கூச்சலில் கரை முழுக்கத் திரும்பியது. செசில் கை நீட்டிய பக்கம் கோயிலும் இல்லை, குளமும் இல்லை. வண்டி மாடுகள் கட்டியிருந்த தென்னந்தோப்பு.

"நமக்கு ஒண்ணும் தெரியலியே?" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"லூர்துலயும் கூட இருந்தவங்களுக்குத் தெரியலியே!" என்றாள் அவர் மனைவி.

அவ்வளவுதான். இருந்த இடத்திலேயே தோப்பைப் பார்த்து மண்டியிட்டு ஜெபமாலை தொடங்கிவிட்டார்கள். மதலேன் முகத்தில், ஒரு வருஷமாக நான் காணாத சிரிப்பு. நான் செசிலின் கண்முன் விரல்களை ஆட்டிப் பார்த்தேன். இமைகூட அசையவில்லை. யாரும் பார்க்குமுன் கையை இறக்கிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு வண்டி பூட்டினோம். போக நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பாதை மோசமில்லை, குளத்து நீர் நல்ல குளிர்ச்சி. எங்கள் பாகூர் ஏரியிலும் தண்ணீர் உண்டு. நெல்லைத் தவிர அதனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மதலேன் சொம்பை மடியில் அணைத்தபடி தூங்கிப்போனாள். செசில் என் காதருகே வந்தாள்.

"அப்பா, அம்மா அழுவறத நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்திட்டாங்கடா."

"நாளைக்கு ஊசியில நூல் கோத்துக் குடுன்னு கேட்டா இன்னாப்பா பண்றது?"

ஏரிக்கரை வந்துவிட்டது. மதலேனின் ஊசிப்பெட்டி வீட்டில் எங்கே இருக்கிறதென்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.