நாவலும் திராட்சையும் ஓர் ஊறுகாய் ஜாடியும்

என் கணவருக்கு மூக்கு என்றால் அப்படியொரு மூக்கு. அடுப்பில் கொதிக்கும் ரசத்துக்கு இன்னும் பெருங்காயம் போடவில்லை என்பதைக் கூடத்தில் பேப்பர் படித்தபடியே சொல்வார். ஆரியசாலைக் கடைத்தெருவில் காப்பிப்பொடி வாங்கப் போனால், சிக்கரி தூக்கலாக விழுந்துவிட்டது என்று பொட்டலம் கட்டுவதற்குள் கண்டுபிடித்துக் கடைக்காரரோடு சண்டைக்கு நிற்பார். பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வாசனை தெரிகிற சக்தியும் கூடவே போய்விட்டது.

திரும்பி வரலாம், வராமலே போகலாம், காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். தினமும் காலையில் கிராம்பு, எலுமிச்சம்பழம், காப்பிப்பொடி மூன்றையும் மோந்து பார்த்துப் பழகச் சொன்னார். இவரும் மோந்து பார்ப்பார். உதட்டைப் பிதுக்கிவிட்டு எழுந்து போவார். "சாப்பிடறது ஆபீஸுக்குப் போறாப்பல ஆயிடுத்துடி" என்று ஒருநாள் சொன்னார். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. எனக்கு உள்ளூர ஒரே பயம். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன்.

எங்கள் எதிர் பிளாட்டில் ஓர் அக்கா இருக்கிறாள். நாகர்கோவில்காரி, நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். கிறிஸ்துமஸுக்கு வேண்டிய திராட்சை ஒயினை ஆறு மாதம் முன்னாலேயே போட்டுப் பழசாக்கி வைப்பது அவள் வழக்கம். அந்த வருஷம் ஜூனில் மழை தொடங்கிய சமயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, "சார் இப்படிச் சும்மா இருந்தா மனசு கெட்டுப்போவும் மாமி. எங்கூட ஒயின் போடட்டு" என்றாள்.

ஒயினா! வெங்காயம் நறுக்கவே நாள் கிழமை பார்க்கிற வீடு எங்களுடையது. "சிவ சிவா" என்றேன். அதற்குள் இவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டுவிட்டார். அந்த மனிதர் தானாக எழுந்து சட்டை போட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா போடுவது வெறும் கறுப்புத் திராட்சையில். இவருக்கு அது போதவில்லை. "திராட்சை மட்டும் போட்டா சர்பத் மாதிரின்னா இருக்கும்? நாக்கைப் பிடிச்சு நிறுத்தணும். நாவல்பழம் சேர்ப்போம், மனசிலாச்சோ?" என்றார். எனக்கு உடனே புரிந்தது. மூக்கு கைவிட்டவருக்கு நாக்கு ஒன்றுதான் மிச்சம். புளிப்பும் தித்திப்பும் துவர்ப்பும் மட்டும்தான் அதற்குத் தெரியும். தனக்குத் தெரிகிற மாதிரி ஒன்று செய்ய ஆசைப்படுகிறார், பாவம்.

சாலைக் கடைத்தெருவில் அலைந்து கம்பம் திராட்சையும் நாவல்பழமும் வாங்கிவந்தார்கள். இரண்டையும் தனித்தனி ஜாடியில் ஊறப்போட்டு, வடிகட்டுகிற அன்று கலப்பது என்று ஏற்பாடு. திராட்சைக்கு அக்காவின் ஜாடி. நாவலுக்கு எங்கள் வீட்டு மாங்காய் ஊறுகாய் ஜாடி. சாப்பிட ஆளில்லாமல் அந்த வருஷம் நான் ஊறுகாயே போடவில்லை. ஜாடி சும்மாதான் இருந்தது.

"ஜாடியில ஒரு சொட்டுத் தண்ணி இருக்கப்பிடாது, கேட்டியளா சார்? இருந்தா பூஞ்சை பிடிச்சிரும்" என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள். இவரும் தலையை ஆட்டினார்.

அடுத்த நாளே பழங்களைச் சர்க்கரை, கோதுமை, ஈஸ்ட், கிராம்பு, பட்டையோடு அடுக்கி, வாயைத் துணியால் கட்டியாயிற்று. இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். காலையில் துணியை அவிழ்த்து மரக்கரண்டியால் கிளறுவார். நுரை பொங்கினால், "மூச்சு விடறதுடி, வந்து பாரேன்!" என்று கூப்பிடுவார். நான் ஆசாரம் கெட்டுவிடுமோ என்று எட்ட நின்றே எட்டிப் பார்ப்பேன். கிட்டப் போய் ஒரு தடவை மோந்து பார்த்திருந்தால் கதையே வேறு.

வடிகட்டுகிற நாள் வந்தது. அக்கா வீட்டுச் சமையலறையில் இவர் இரண்டு ஜாடியையும் ஒரே பாத்திரத்தில் சரித்தார். துணியைப் பிடித்துக்கொண்டவள் நான். அடேயப்பா, என்ன நிறம்! கறுப்பும் சிவப்புமாகப் பளபளத்தது. அந்த அழகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குப்பென்று ஒரு வாசனை வந்தது. பெருங்காயம். கூடவே நல்லெண்ணெய், கொஞ்சம் வெந்தயம்.

"ஏன்னா, ஜாடியை நன்னா அலம்பினேளோ?" என்றேன் மெதுவாக.

"அலம்பறதா? ஒரு சொட்டுத் தண்ணி ஆகாதுன்னு அக்கா சொல்லலை? நம்மாத்துல ஊறுகாய் ஜாடிக்கு என்னிக்குத் தண்ணி காட்டியிருக்கோம்? துணியால துடைச்சு மொட்டைமாடி வெயில்ல வெச்சேன். மோந்துகூடப் பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை!" என்றார் பெருமையாக.

மோந்து பார்த்தாராம்! கழுவி, அதற்கப்புறம் ஈரமில்லாமல் காயவைக்க வேண்டும் என்பதுதான் அக்கா சொன்னதற்கு அர்த்தம். இதைப் போய் ஒருவருக்கு விளக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது. அக்கா என் காதருகே குனிந்து, "பழசாவப் பழசாவப் போயிரும் மாமி. ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றாள்.

"வாசனை எப்படி இருக்கு?" என்று கேட்டார் இவர், குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"கிராம்பு கமகமன்னு இருக்கு" என்றேன்.

அதற்கப்புறம் அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ருசி பார்க்கிற சடங்கு. குட்டி டம்ளரில் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி நாக்கில் புரட்டுவார். "போன தடவைக்கு இப்போ துவர்ப்பு அடங்கியிருக்கு. முதல்ல புளிப்பு, அப்பறம் தித்திப்பு, கடைசியில நாக்கைப் பிடிக்கறது, பிரமாதம்!" என்பார். உடனே என் பக்கம் திரும்பி, "வாசனை?" என்பார். ஒரு வாரம் கிராம்பு என்றேன், இன்னொரு வாரம் பட்டை என்றேன். சொல்லச் சரக்கு தீர்ந்துபோய் ஒருநாள் ஏலக்காய் என்று சொல்லிவிட்டேன். "ஏலக்காயே போடலையேடி!" என்றார். "நாவல்பழத்துக்கே அப்படியொரு வாசனை உண்டு" என்று சமாளித்தேன். நம்பிவிட்டார். அவர் நம்பியதுதான் எனக்குத் தாங்கவில்லை. காப்பிக்கடையையே கலக்கிய மனிதர்.

ஒயின் பழசாகப் பழசாகப் புளிப்பு தணிந்தது, காரம் தணிந்தது, நிறம் தெளிந்தது. பெருங்காயம் மட்டும் இம்மியும் அசையவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் அக்கா வீட்டில் எல்லோருக்கும் அழைப்பு. எங்களுக்கென்று முட்டையில்லாத கேக் செய்திருந்தாள். வழக்கமான ஒயினைத் தனியாகக் கொஞ்சம் போட்டு வைத்திருந்தாளாம். அதையே ஊற்றிவிடலாமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். இவரோ அதற்குள் தன் பாட்டிலைத் திறந்து ஒவ்வொரு கிளாஸாக ஊற்ற ஆரம்பித்துவிட்டார். மேல் பிளாட்டு மலையாளக்காரர் ஒரு வாய் குடித்தார். ஒரு கணம் தொண்டையில் நிறுத்தினார். "கொள்ளாம், நல்ல ஒயின்!" என்றார். நல்ல மனிதர். அவர் மனைவி, "ஏதோ ஆயுர்வேத மருந்தெல்லாம் சேர்த்திருக்கு போல, உடம்புக்கு நல்லது" என்றாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் பிள்ளையாரை நினைத்துக்கொண்டேன்.

இவர் கடைசியாகத் தன் கிளாஸை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். நெற்றி சுருங்கியது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார், விலக்கினார், மறுபடி கொண்டுபோனார்.

"இதுல பெருங்காயம் வாசனை அடிக்கறதே!"

மேல் பிளாட்டுக்காரர் தன் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சகிக்கலை! பெருங்காயம், நல்லெண்ணெய், மாங்காய் ஊறுகாயேதான்! இத்தனை மாசமா கிராம்புங்கறேள், பட்டைங்கறேள். உங்க ஒருத்தருக்காவது மூக்குன்னு ஒண்ணு இருக்கா?" என்று கத்தினார்.

அக்காதான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கையிலிருந்த கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடியும் மோந்தார். மெல்ல, ஆழமாக. கண் நிறைந்துவிட்டது. நான் எல்லோருக்கும் முன்னால் விக்கி விக்கி அழுதேன், வெட்கமே படவில்லை.

மறுநாள் காலையில் பழவங்காடியில் தேங்காய் உடைத்தேன். கொட்டிவிடுகிறேன் என்று எவ்வளவோ சொல்லியும் கடைசிப் பாட்டிலை மட்டும் கொட்ட விடமாட்டேன் என்றார். அது இப்போது காப்பிப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் காப்பிக்கு முன்னால் அதன் மூடியைத் திருகி மோந்து பார்ப்பார். முகம் அஷ்டகோணலாகும்.

"இன்னும் அடிக்கறதுடி" என்று அடுக்களையிலிருந்து எனக்குக் குரல் கொடுப்பார். நான் போய்ப் பாலை அடுப்பில் வைப்பேன்.