குற்றாலத் தண்ணியில் குளித்த விண்கலம்

அழுக்கைக் கண்டால் கை துறுதுறுக்கிற மனிதர்களை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஒரு பொருள் ஏன் அழுக்காக இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் துடைத்தால் என்ன, குடியா முழுகிவிடும்? கேட்க மாட்டார்கள். துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்படி ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். என் அப்பா.

அப்பா தென்காசியில் சொந்த வேன் ஓட்டினார். குற்றாலத்துக்கு வருகிறவர்களை மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று சுற்றிக் காட்டிக் கொண்டுவந்து விடுவதுதான் தொழில். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களிடம் போய் ஈரத்துணியோடு சீட்டில் உட்காராதீர்கள் என்று சொல்கிற ஒரே டிரைவர் அந்த வேன் ஸ்டாண்டிலேயே அவராகத்தான் இருக்கும். அம்மா வைக்கிற ரசத்தை, மாமாவின் மீசையை, எதை வேண்டுமானாலும் கேலி பேசுவார். வண்டிப் பேச்சு வந்தால் மட்டும் முகம் மாறிவிடும். கூட வேன் ஓட்டுகிற ஒருவர் எங்கள் வேனை விளையாட்டாகத் தகரடப்பா என்று சொல்லிவிட்டார். அவர் மகள் கல்யாணத்துக்கு அப்பா போகவில்லை. அம்மா போய் மொய் எழுதிவிட்டு வந்தாள்.

என் கோபத்தின் கதை அப்பா என் பொருளில் துணியை வைப்பதற்கு முந்தின வருஷமே தொடங்கிவிட்டது. ஆறாம் வகுப்பில், பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்கு அட்டையில் ஒரு ராக்கெட் செய்து, வெள்ளை பெயிண்ட் அடித்து, பளபளவென்று கொண்டுபோய் வைத்தேன். மதிப்பெண் போட வந்த சார் குனிந்து பார்த்துவிட்டு, திருநெல்வேலியில் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். நான்தான் செய்தேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பரிசு எரிமலைக்குப் போனது. ஒவ்வொரு வருஷமும் எவனாவது ஒருவன் சோடா உப்பில் வினிகரை ஊற்றுவான், அது பொங்கும், பரிசு கொடுப்பார்கள்.

அடுத்த வருஷம் நான் செய்வதைப் பார்த்து ஒருத்தராவது கடையில் வாங்கியது என்று சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

ஏழாம் வகுப்பில் நான் செய்தது ராக்கெட் இல்லை, விண்கலம். கோள் விட்டுக் கோள் சரக்கு ஏற்றிப் போகிற கலம். உடம்புக்கு பிவிசி குழாய். எஞ்சின்களுக்கு இருமல் மருந்து ஊற்றிக் குடிக்கிற சின்ன மூடிகள். பக்கவாட்டில் செத்துப்போன செல்போன்களின் உள்பாகங்கள், பேனா மூடிகள், ஊசி போட்டு எறிந்த சிரிஞ்சின் குழல்கள். டிங்கரிங் பட்டறையில் மிச்சமிருந்த சாம்பல் நிறப் பெயிண்டை அப்பா பெயரைச் சொல்லி வாங்கி அடித்தேன். ஊசியைக் காய்ச்சி வரிசையாக ஜன்னல் ஓட்டைகள் போட்டேன். கோயில் கொடை முடிந்து கழற்றிப் போட்ட சீரியல் செட்டிலிருந்து பல்புகளைப் பிரித்து உள்ளே வைத்தேன். வெளிச்சம் குழாயின் மூட்டு வழியாகக் கசிந்து மானத்தை வாங்கியது. உள்பக்கம் முழுக்கக் கறுப்புக் காகிதம் ஒட்டிய பிறகுதான் ஜன்னல்களில் மட்டும் மஞ்சளாக நின்றது. எஞ்சினுக்கு நீலம். சுவிட்சைப் போட்டால் உள்ளே ஆட்கள் இருந்து வேலை பார்க்கிற மாதிரியே இருக்கும். எனக்கே புல்லரிக்கும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. அழுக்குப் போடுவது. புதிதாக இருந்தால் பொம்மை. ஓடி ஓடித் தேய்ந்திருந்தால்தான் கலம் என்று அம்மாவின் செல்போனில் பார்த்த ஒரு வீடியோவில் தெரிந்துகொண்டேன். எந்த இடத்தில் எந்த அழுக்கு வரும் என்பதைச் செங்கோட்டை ரோட்டில் மலையேறி வருகிற லாரிகளைப் பார்த்துப் படித்தேன். புகை பின்பக்கம் படியும். துரு ஆணிக்குக் கீழே கோடாக வழியும். கை படுகிற கதவோரத்தில் பெயிண்ட் போயிருக்கும். கரித்தூளை விரலில் தொட்டு எஞ்சின் வாயில் தேய்த்தேன். பழைய சைலன்சரைச் சுரண்டி எடுத்த துருவை டீத்தண்ணியில் குழைத்துக் கோடு இழுத்தேன். பல் தேய்க்கிற பிரஷ்ஷை விரலால் தட்டிப் பொட்டுப் பொட்டாகச் சேறு தெளித்தேன். ஒவ்வொரு கறைக்கும் என்னிடம் காரணம் இருந்தது. யாராவது கேட்டால் சொல்லக் காத்திருந்தேன்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் கலத்தை வேன் ஷெட்டில் காயவைத்துவிட்டு, அம்மாவோடு செங்கோட்டையில் மாமா வீட்டுக்குப் போனேன். பூஜை விடுமுறை முடிந்ததும் கண்காட்சி. அன்று சாயங்காலம் திரும்பி வந்தபோது ஷெட்டில் வேன் புதுப்பெண் போல நின்றது. அதன் பக்கத்தில் ஸ்டூல் மேல் ஏதோ ஒன்று மினுமினுவென்று மின்னியது. கிட்டப் போன பிறகுதான் அது என் கலம் என்று தெரிந்தது.

கரி இல்லை. துரு இல்லை. சேறு இல்லை. வேனுக்குப் போடுகிற ஷாம்பூ போட்டுத் தேய்த்து, வேனுக்குப் போடுகிற பாலிஷும் போட்டிருந்தார். நான் வாயடைத்துப்போய் நிற்பதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

“எப்படியிருக்கு பாத்தியாட்டி? ஒரே கரியும் சேறுமா கெடந்துச்சு. ஐந்தருவிக்குக் கொண்டுபோய்ல்லா கழுவினேன். ஊரு ஒலகமெல்லாம் வண்டி பிடிச்சு வந்து குளிக்குத தண்ணி.”

“அது அழுக்கு இல்லப்பா. நான் போட்டது.”

அப்பா என்னையும் கலத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அழுக்க யாராவது போடுவாவளாட்டி?”

நான் கத்திய கத்தலில் அடுத்த வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்தாள். சுவிட்சைப் போட்டேன், ஒரு ஜன்னல்கூட எரியவில்லை. குற்றாலத் தண்ணீர் நோயைத் தீர்க்கும் என்பார்கள். என் பல்புகளை மொத்தமாகத் தீர்த்துவிட்டது. நாளும் கிழமையுமாக என்ன ஒப்பாரி என்று அம்மா என்னைத்தான் அதட்டினாள். அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா துணியை உதறி மடித்து வேனுக்குள் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அதுவும் ஆத்திரமாக இருந்தது. ஒரு ‘தெரியாமல் செய்துவிட்டேன்’ கூடவா வராது?

மறுநாள் பூஜை. நான் எழுந்து வருவதற்குள் அப்பா கலத்தின் மூக்கில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருந்தார். கழுத்தில் கதம்பச் சரம். கீழே, எஞ்சினுக்கு அடியில், ஒரு எலுமிச்சம்பழம். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது என்றால் இதுதான். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து, எங்கள் ஊரில் தடியங்காய் என்று சொல்கிற பூசணிக்காய்களை டெம்போவில் ஏற்றி வந்த ஒருவர் தெருவில் வீட்டுக்கு வீடு நிறுத்தி, திருஷ்டி சுற்றி உடைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். வண்டிக்கு ஒரு காய், அதுதான் கணக்கு. எங்கள் வாசலிலும் நின்றார்.

“அண்ணாச்சி, வண்டி எத்தன?”

“ரெண்டு,” என்றார் அப்பா.

“ஒண்ணுதான்!” என்று நான் வாசற்படியிலிருந்து கத்தினேன்.

டெம்போக்காரர் சிரித்தார். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. இரண்டு காய்களை வாங்கி, இரண்டிலும் ஓட்டை போட்டுக் குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, ஒன்றை வேனுக்குச் சுற்றினார், இன்னொன்றைக் கலத்துக்குச் சுற்றினார். ரோட்டில் போட்டு உடைத்தார். தெருப்பிள்ளைகள் எல்லாம் என் கலத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். செய்ததும் போதாதென்று ஊர் கூட்டிக் கேலி வேறு செய்கிறார் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கண்காட்சிக்கு முந்தின நாள் முழுக்கக் கரித்தூளோடு மல்லுக்கட்டினேன். அந்தப் பாலிஷ் எதையும் ஒட்டவிடவில்லை. டீத்தண்ணி முத்து முத்தாக உருண்டு ஓடியது. கரி விரலில் இருந்ததே தவிரக் கலத்தில் ஏறவில்லை. உள்ளே புது பல்பு மாட்டலாம் என்றால் நனைந்த காகிதம் கூழாகிக் கிடந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு போனேன்.

அதே சார்தான் வந்தார். அதே மாதிரி குனிந்தார்.

“இதையும் கடையிலதான் வாங்கினியா பாப்பா?”

அவர் கலத்தைக் கையில் எடுத்துத் திருப்பினார். மூக்கில் இருந்த சந்தனத்தை நான் முன்பே துடைத்திருந்தேன். வயிற்றுப் பக்கத்திலும் அப்பா பூசியிருந்தது எனக்குத் தெரியாது. காய்ந்த சந்தனம் சாரின் விரலில் ஒட்டியது. பக்கத்தில் நின்ற டீச்சரிடம் அதைக் காட்டி, பொம்மைக்கெல்லாமா ஆயுத பூஜை போடுகிறார்கள் என்று கேட்டு இருவரும் சிரித்தார்கள்.

“இது ஒண்ணும் பொம்ம இல்ல சார். வண்டி.”

அதைச் சொன்னது நான்தான். எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. ஹாலே திரும்பிப் பார்த்தது. சார் கலத்தை மேசையில் மெதுவாக வைத்துவிட்டு, எதையோ எழுதிக்கொண்டு நகர்ந்தார். பரிசு எரிமலைக்குத்தான் போனது.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் அப்பா வேனோடு நின்றார். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். நான் கலத்தை நீட்டினேன். அதை வாங்கி, ஆட்கள் உட்காருகிற முன் சீட்டில் வைத்து, சரிந்துவிடாமல் துண்டைச் சுருட்டி அண்டை கொடுத்தார். நான் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, வீடு வருகிறவரை அவர் பிடரியை முறைத்துக்கொண்டே வந்தேன்.

கழுவியதற்கு எனக்கு இன்றைக்கும் கோபம்தான். அது தீராது, தீரவும் வேண்டாம். ஆனால் டெம்போக்காரரிடம் சொன்ன அந்த ‘ரெண்டு’ இருக்கிறதே, அதையும் கேலி என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். வண்டி விஷயத்தில் அப்பா கேலி பேச மாட்டார் என்பது ஸ்டாண்டுக்கே தெரியும். ஒரே வீட்டில் இருந்த எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.