தவசிக்குப் பெண்பனைக் கை

ஜெயமங்கலத்தில் பனை ஊன்ற நினைப்பவர்கள் முதலில் தவசி வீட்டுக்குத்தான் வருவார்கள். அவர் பனங்கொட்டையைக் காதோரம் ஆட்டுவார், மோந்து பார்ப்பார், கண்ணை மூடுவார். "பொண்ணு. கொண்டுபோயி ஊனு" என்பார். நுங்கு வேண்டுமென்றால் பெண்பனைதான் வேண்டும். ஆண்பனை பூப்பதோடு சரி. பாளை விட எப்படியும் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும். அதுவரை தவசியை யார் கேட்க முடியும்? பெண்ணாக நின்ற மரத்துக்குத் தவசியின் கைராசி காரணம், ஆணாக நின்ற மரத்துக்கு மண் சரியில்லை.

இதை நினைத்தால் அவர் மனைவி கருத்தம்மாளுக்குச் சிரிப்பு வரும். விவசாய இலாகா அதிகாரி ஒருவர் ஊருக்கு வந்து பேசியதை அவள் கேட்டிருந்தாள். தென்னையில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே பாளையில். பனையிலோ ஆண் தனி மரம், பெண் தனி மரம். பனையின் ஆதி மூதாதையும் இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்திருந்திருக்கும், தலைமுறை தலைமுறையாக மாறிப் பிரிந்திருக்கலாம். எப்படி என்றுதான் படித்தவர்களே மண்டையை உடைத்துக்கொள்கிறார்களாம். ஆணா பெண்ணா என்பது விதைக்குள்ளேயே முடிவாகிவிடும், வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, பாதிக்குப் பாதி விழும் என்றார் அதிகாரி. "டவுசர் போட்டவுகளுக்குப் பனையைப் பத்தி என்ன தெரியும்?" என்று தவசி எழுந்து போய்விட்டார்.

அப்படிச் சிரித்தவளுக்கு 1938 வைகாசியில் வயிறு எரிந்தது. ஐந்தும் பெண்ணாகப் பெற்றாள் என்று அவளைக் குற்றம் சொல்லி, ஆண்வாரிசுக்காக இரண்டாம் தாரம் கட்டத் தவசி கிளம்பிவிட்டார். பெண்ணைப் பெற்ற சின்னமனூர் ஒச்சாண்டி, பேச்சை முடிக்க வெற்றிலைத் தட்டோடு வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார். மூன்று வருஷத்துக்கு முன் தவசி பொறுக்கிக் கொடுத்த இருபது கொட்டைகளை ஊன்றியவர் அவர்.

கருத்தம்மாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். "அண்ணே, ஒங்க பனங்கன்னு எல்லாம் நல்லாருக்கா?"

"இருக்கு தாயி. எல்லாம் பொண்ணுன்னுல்ல மாப்பிள்ளை எடுத்துக் குடுத்தாரு."

"இருபதும் பொண்ணு!" தவசி மீசையைத் தடவினார். "இந்தக் கைக்கு ஆணு சிக்கினதே இல்ல."

"அதைத்தாண்ணே நானும் சொல்றேன். இவுக கைக்குப் பொண்ணு மட்டுந்தேன் வரும். எனக்கு அஞ்சு. ஒங்க மகளுக்கு எத்தனையோ, நீங்களே ரோசிச்சுக்கங்க."

ஒச்சாண்டிக்கு மோர் புரையேறியது. பேரன் ஒருவன் பிறப்பான் என்ற நம்பிக்கையில்தான் மகளை இரண்டாம் தாரமாகக் கொடுக்கத் துணிந்திருந்தார். கதவருகே நின்ற ஐந்து பெண்களையும் ஒரு தடவை பார்த்தார்.

தவசிக்கு வியர்த்துவிட்டது. "அட, அதெல்லாம் சும்மா மாமா! கொட்டையைப் பாத்து எவனாலயும் சொல்ல முடியாது. வாய்க்கு வந்ததைச் சொல்றதுதேன்."

"அப்ப என் இருபது பனை?"

"பாதி… பாதி தேறும் மாமா."

ஒச்சாண்டி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "பனங்கொட்டைக்கே இம்புட்டுப் பொய் சொன்னவன், எம் மகளுக்கு எம்புட்டுச் சொல்லுவ?"

கருத்தம்மாள் மோரை எடுத்து நீட்டினாள்.

"அண்ணே, மோரையாச்சும் குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.