நடராஜா உட்கார்ந்த பக்கம்

செமிலிங்கில் குணவதி வீடு எது என்று கேட்டால் யாரும் கதவு எண்ணைச் சொல்ல மாட்டார்கள். "கறுப்புக் காடி ஒண்ணு நிக்கும் பாருங்க, யானையாட்டம், அந்த வீடுதான் லா" என்பார்கள். ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்.யு.வி. அது வாசலில் நின்றால் பக்கத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு மத்தியானம் வரை வெயில் கிடையாது.

வாங்கியவர் அவள் புருஷன் நடராஜா. செம்பனைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் குத்தகைக்காரர். பெரிய குரல், பெரிய மீசை, அதற்கேற்ற வண்டி. பெண்டாட்டியை ஸ்டீயரிங் பக்கம் அண்ட விட்டதே இல்லை. "ஒனக்கு எதுக்கு இந்த வேல?" என்பார். அவளும் "சரிங்க" என்பாள். வேறு யாருக்கும் அவள் அந்தச் சொல்லைச் சொல்லி ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. மற்றவர்களிடம் வாய் கொஞ்சம் நீளம்தான்.

காலம் யாரை விட்டது! சர்க்கரை நோய் நடராஜாவின் வலது காலைக் கொண்டுபோயிற்று, பின்னாலேயே சிறுநீரகமும் போயிற்று. வாரம் மூன்று முறை சுங்கை பட்டாணிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். மகன் சசிகுமாருக்கு வேலை பினாங்கில். அப்புறம் யார் ஓட்டுவது? பேரன் எடுக்கும் வயதில் குணவதி லைசென்ஸ் எடுத்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்து அவர் படுத்திய பாடு இருக்கிறதே! "பிரேக்கு, பிரேக்கு! எடது பக்கம் கல்லு, பாத்து! லோரி வருது, ஒதுங்கு!" அந்த வண்டியின் இடப்பக்கம் எங்கே முடிகிறது என்று குணவதிக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. பிடிபட வேண்டிய தேவையும் இல்லை. அந்தப் பக்கத்துக்குக் கண் அவர்தான். "சரிங்க, சரிங்க" என்று ஓட்டுவாள்.

சிகிச்சை நிலையத்தில் பழக்கமானவர் ஷம்சியா, அவருக்கும் அதே சிகிச்சைதான். பீடோங்கில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் குடும்பம். மகன் யஹ்யா விடியும் முன்பே அடுப்பு மூட்ட வேண்டும், அவனிடம் இருப்பதும் மோட்டார் சைக்கிள்தான். ஷம்சியாவுக்கோ இடது முழங்கால் மடங்காது. "எங்க காடியில எடமா இல்ல, வாங்கக்கா" என்று குணவதி ஒருநாள் ஏற்றிக்கொண்டாள். அன்று முதல் பின் இருக்கை அவருடையது. படியில் ஏறி, மேலே கம்பியைப் பிடித்து, குறுக்காக உட்கார்ந்து காலை இருக்கை மேலேயே நீட்டிக்கொள்வார். வழியெல்லாம் முன்னும் பின்னும் சாப்பாட்டுச் சண்டை.

"ஒரு மீன் தலக் கறி சாப்பிட்டா செத்தா போயிருவேன்?" என்பார் நடராஜா.

"சாப்பிட்டுப் பாருங்க, என் கடையில வாங்காதீங்க. எனக்கு அந்தப் பாவம் வேணாம்" என்பார் ஷம்சியா.

மீன் தலைக் கறி சாப்பிடாமலேயே நடராஜா ஒரு மழை நாளில் போய்ச் சேர்ந்தார். தஞ்சோங் டாவாய் முகத்துவாரத்தில் சாம்பலைக் கரைத்தார்கள். குணவதி வீட்டோடு உட்கார்ந்தாள். பதினாறாம் நாள் கருமாதி வரை வாசல் தாண்டக் கூடாது என்பது முறை.

இங்கேதான் இரண்டு பேரும் ஒரு தப்புச் செய்தார்கள். மரியாதையால் செய்த தப்பு. சாவு விழுந்த வீட்டு வண்டி, அக்கா ஏறுவார்களோ மாட்டார்களோ, யஹ்யா ஏதாவது ஏற்பாடு செய்திருப்பான் என்று குணவதி பேசாமல் இருந்தாள். புருஷனை இழந்தவள் வெளியே வராமல் இத்தா இருக்கிறாள், அதுவும் தங்கள் வழக்கப்படி நாலு மாதம் பத்து நாள் என்று நினைத்துக்கொண்டு ஷம்சியாவும் பேசாமல் இருந்தார். அந்த நேரத்தில் ஒரு பெண்ணை வெளியே கூப்பிடுவது பாவம் என்று, மகனிடம்கூட "எனக்கு ஆள் இருக்கு" என்று பொய் சொல்லிவிட்டார்.

நிலையத்துத் தாதி திலகா போன் செய்தபோதுதான் தெரிந்தது. "அக்கா, ஷம்சியாம்மா ரெண்டு தடவையா வரல. போன் பண்ணா மூச்சு வாங்குது. அவங்க ஒங்க காடியிலதானே வருவாங்க?"

குணவதி எழுந்து சாவியை எடுத்தாள். நாத்தனார் வாசுகி குறுக்கே வந்தாள். "அண்ணி, இன்னும் கருமாதி ஆவல. ஊரு என்ன பேசும்?"

"ஊரா வந்து அவங்க ரத்தத்தக் கழுவும்? தள்ளு."

பீடோங்கில் போய்ப் பார்த்தால், ஷம்சியாவின் கால்கள் தூண் மாதிரி வீங்கியிருந்தன. முகத்தில் இரத்தமே இல்லை. குணவதியைப் பார்த்ததும், "நீ வெளிய வரலாமா குணா?" என்றார்.

"நீங்க சாவலாமாக்கா?" என்று கத்தினாள் குணவதி. கத்தியபடியே அவரைத் தூக்கி ஏற்றினாள்.

உயிர் பிழைத்தது. ஆனால் அன்று முதல் முன்னால் இடப்பக்கம் காலி. அந்த இருக்கையில் ஒரு பச்சைத் துண்டு மட்டும் கிடந்தது. ஒற்றைக் காலோடு ஏறியதும் நடராஜா அதன் மேல் உட்கார்ந்து வழுக்கித் திரும்புவார். இருக்கை உறையில் உடம்பு ஒட்டாமல் இருக்கப் போட்டது. யாரையும் அவள் அங்கே உட்கார விடவில்லை. கருமாதிக்கு வந்த மகன் முன்கதவைத் திறந்தபோது, "பின்னால ஏறு" என்றாள். அவன் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு பின்னால் ஏறினான்.

எச்சரிக்க ஆள் இல்லாத வண்டி என்ன செய்யும்? நிலையத்து வாசல் தூணில் இடப்பக்கத்தைத் தேய்த்தாள். அடுத்த வாரம் ஒரு பையனின் சைக்கிளை மயிரிழையில் தவிர்த்தாள். சசிகுமார் செய்தி கேட்டு ஓடி வந்தான்.

"அம்மா, இது அப்பாவுக்கு ஏத்த காடி. ஒங்களுக்கு ஆகாது. சின்ன எஸ்.யு.வி. ஒண்ணு எடுப்போம். இல்லன்னா ஓட்டுறத விட்டுருங்க."

விட்டால் ஷம்சியாவின் கதி? ஓட்டினால் யார் வீட்டுப் பிள்ளையின் கதி? குணவதிக்கு இரண்டு இரவு தூக்கம் இல்லை. மூன்றாம் நாள், "சரி, பாப்போம். அக்காவும் வரணும்" என்றாள்.

சுங்கை பட்டாணிக் கடையில் அமிருல் என்ற மலாய்க்கார இளைஞன் வெள்ளைச் சின்ன எஸ்.யு.வி. ஒன்றைக் காட்டினான். சசிகுமார் திரையைத் தொட்டான், கேமராவைப் பார்த்தான், போனை இணைத்துப் பாட்டு வைத்தான். குணவதி ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்தாள். இடது மூலை கண்ணுக்குத் தெரிந்தது. அவளையறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது.

"அக்கா, ஏறிப் பாருங்க."

ஷம்சியா பின்கதவைத் திறந்தார். இருக்கை தாழ்வாக, ஏற வாகாகத்தான் இருந்தது. ஆனால் கதவு குறுகல். உட்கார்ந்தால் மடங்காத கால் வெளியே நின்றது. காலை முதலில் விட்டால் உடம்பு நுழையவில்லை. முன் இருக்கையின் முதுகில் முழங்கால் இடித்து வலியில் உதட்டைக் கடித்தார். நெற்றி வேர்த்தது. இறங்கிப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"நல்ல காடி குணா. ஒனக்குச் சரியா இருக்கு. இதையே எடு. எனக்கு யஹ்யா ஏதாவது பாப்பான்."

குணவதிக்குச் சுருக்கென்றது. இதே மாதிரிப் பொய்யைத்தான் போன தடவை மகனிடம் சொன்னார்.

அமிருல் ஓடிவந்து முன்கதவைத் திறந்தான். இருக்கையை முழுக்கப் பின்னுக்குத் தள்ளினான். "டெபான் லா, மக்சிக். சினி லுவாஸ்" என்று மலாயில் முன்னால் வரச் சொல்லி, தாராளமாகக் கால் நீட்டக்கூடிய அந்த இடத்தைக் காட்டினான்.

ஷம்சியா நகரவில்லை. "அது அவரு எடம்" என்று மெதுவாகச் சொன்னார்.

சசிகுமார் பாட்டை நிறுத்தினான். தலையைக் குனிந்துகொண்டான். குணவதிக்கு நடராஜா மேல் கோபம் வந்தது. போனதற்குக் கோபம், இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு இப்படி வெறும் இருக்கையை விட்டுப் போனதற்குக் கோபம். அந்த இடம் அப்படியே இருந்தால் அவர் இருப்பார் என்று மனதுக்குள் ஒரு மூலையில் நம்பியிருந்தாள். அது நடக்காது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் நெஞ்சு கேட்கவில்லை.

அவள் இறங்கி வெளியே போனாள். வெயிலில் நின்ற கறுப்பு வண்டியின் இடது கதவைத் திறந்தாள். பச்சைத் துண்டை எடுத்து முகத்தில் ஒரு முறை வைத்துக்கொண்டாள். அப்புறம் உதறினாள். திரும்பி வந்து வெள்ளை வண்டியின் முன் இருக்கையில் சுருக்கமில்லாமல் விரித்தாள்.

"இது மேல உக்காந்து அப்படியே திரும்புங்கக்கா. வழுக்கிட்டு உள்ள போயிரும். அவரு அப்படித்தான் ஏறுவாரு."

"குணா, வேணாம்மா..."

"இருக்கிற காலுக்குத்தானேக்கா எடம் வேணும்? ஏறுங்க."

ஷம்சியா உட்கார்ந்தார். திரும்பினார். கால் நேராக நீண்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஓட்டிப் பார்க்கலாம் என்றான் அமிருல். அவனும் சசிகுமாரும் பின்னால் ஏறினார்கள். குணவதி வண்டியை மெல்ல வாசலுக்குக் கொண்டுவந்தாள். சாலை ஓரத்தில் யாரோ புதுக் குழாய் போடத் தோண்டிக் கற்களைக் குவித்திருந்தார்கள்.

"எடது பக்கம் கல்லு இருக்கு குணா" என்றார் ஷம்சியா. "பாத்து."

"சரிங்க" என்றாள் குணவதி.

சொன்ன பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. கண்ணைத் துடைக்கக் கையை எடுக்க முடியாது, எதிரே லாரி வந்துகொண்டிருந்தது. இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒதுக்கினாள்.