அம்மா அழிக்காத அரைப் பாட்டு

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் தனியாக இருந்த ஒரு முதியவர் வீட்டில் வேலை செய்தேன். இளமையில் அவர் கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர். முதல் அல்பம் விலைபோகவில்லை, இரண்டாவது வெளிவரவேயில்லை.

யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுக்க முடியாத போர்க்காலம். கசெற்றில் கதைத்து அனுப்புவோம். வீட்டார் அதன்மேலேயே பதிலைப் பதிந்து அனுப்புவார்கள். ஊருக்குப் போகும் ஒருவர் மறுநாள் புறப்பட இருந்தார். ஞாயிறு, கடைகள் பூட்டு. முதியவரின் அலுமாரியிலிருந்து ஒரு கசெற்றை எடுத்தேன். யாரும் அழிக்காதபடி அதன் மூலையிலிருந்த சிறு தகட்டை உடைத்து வைத்திருந்தார். திரும்பப் பதியக்கூடியதாக அந்த ஓட்டையில் செலோரேப் ஒட்டிவிட்டு, அதன்மேல் அம்மாவுக்குக் கதைத்து அனுப்பினேன்.

அடுத்த கிழமை அவர் வீடெல்லாம் தேடினார்.

"என்ர ரெண்டாவது அல்பம். இருந்தது அந்த ஒரு கசெற்தான். கண்டனியா?"

"இல்லை சிஞ்ஞோர்," என்று சொல்லி, நானும் சேர்ந்து தேடினேன்.

மாதங்கள் கழித்துக் கசெற் திரும்பி வந்தது. கடைசியில் அம்மா சொன்னா: "பிள்ளை, நீ கதைச்சு முடிய ஆரோ பாடுறார். ஒண்டும் விளங்கேல்லை. ஆனா அழிக்க மனம் வரேல்லை. இதோட நிப்பாட்டுறன்."

பிறகு கிற்றார் கேட்டது. முதியவரின் அல்பத்தில் அரைப் பாட்டு மட்டும் மிஞ்சியிருந்தது.

அவரிடம் கொடுத்து உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "அம்மா கடைசியா என்ன சொல்லுறா?" என்றார்.

"சுகம் விசாரிக்கிறா," என்றேன். அழிக்க மனம் வரவில்லை என்று அவ சொன்னதை, அழித்த என் வாயால் சொல்ல முடியவில்லை.